பாறையிழந்த பூ: பாதுகாப்பு என்னும் மயக்கம் பற்றி

ஓர் உயிரினம் வாழ்கின்றதா, மாண்டுவிட்டதா என்ற வினாவுக்கு ஒரே வேளையில் இருவேறு விடைகள் கூறப்படுமாயின், அவற்றுள் ஒன்று பொய்யாக இருத்தல் வேண்டும்; அன்றேல் 'வாழ்தல்' என்னும் சொல்லின் பொருளிலேயே ஏதோ கோளாறு நேர்ந்திருத்தல் வேண்டும். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுக் கூட்டத்தில், கவாய், நீஹாவு என்னும் இரு தீவுகளின் செங்குத்தான பாறைச்சரிவுகளுக்கே உரியதாயிருந்த ஆலுலா என்ற பூச்செடியின் கதி இவ்வினாவை எழுப்புகின்றது. ஐரோப்பிய நகரங்களின் பூக்கடைகளிலே அச்செடி 'ஹவாய்ப் பனை' என்றும் 'எரிமலைப் பனை' என்றும் பெயர் சூட்டப்பட்டு, அழகிய சாடிகளில் விலைக்குக் கிடைக்கின்றது. அது பனையுமன்று, பனையின் உறவுமன்று. விற்பனைக்கு உகந்த பெயர் என்பதே அப்பெயருக்குள்ள ஒரே தகுதி. அதே செடி, அது தோன்றி வளர்ந்த பாறைகளிலோ இயற்கையாக வாழும் நிலையிலிருந்து அற்றுப்போய்விட்டதாகவே இன்று கருதப்படுகின்றது. கடையில் ஆயிரக்கணக்கில், காட்டில் பூச்சியம்.

இந்நிலையைச் சுட்டிக்காட்டி, "பார்த்தீர்களா, மனிதன் ஓர் இனத்தைக் காப்பாற்றிவிட்டான்" என மகிழ்வோர் உளர். அவர்கள் கூற்று முற்றிலும் தவறன்று. ஆனால் முழு உண்மையுமன்று. அரை உண்மை முழுப் பொய்யினும் ஆபத்தானது. பொய்யை எதிர்த்துப் போராடலாம்; அரை உண்மையோ போராட வேண்டிய தேவையே இல்லையென்று மனிதரை உறங்கச் செய்துவிடும். பூங்காவிலும் பூச்சாடியிலும் எஞ்சியிருத்தலைப் 'பாதுகாப்பு' என்று அழைக்கும் இம்மயக்கம் கலைக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாறையும் பூவும்

கவாய் ஹவாயின் பெருந்தீவுகளுள் வயதில் மூத்தது. ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் கடலடி எரிமலையின் உமிழ்விலிருந்து எழுந்தது. அதன் நடுவிலுள்ள வையாலெயாலே மலைமுடி உலகின் மிக ஈரமான இடங்களுள் ஒன்று. ஆண்டின் சராசரி மழைவீழ்ச்சி 9,000 மில்லிமீற்றரைத் தாண்டுகின்றது. இவ்வளவு நீரும் எரிமலைப் பாறையை அரித்துக் கடலை நோக்கி ஓடியதன் விளைவே தீவின் மேற்கிலுள்ள வைமெயா மலையிடுக்கும், வடமேற்கிலுள்ள நா பாலிக் கரையும் ஆகும். வைமெயா சுமார் 16 கிலோமீற்றர் நீளமும் 900 மீற்றர் வரை ஆழமும் உடையது. 'நா பாலி' என்பதற்கு ஹவாய் மொழியில் 'பாறைச்சரிவுகள்' என்பதே பொருள். அக்கரையிலுள்ள கலலாவுப் பள்ளத்தாக்கின் சுவர்கள் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம்வரை எழுந்து நிற்கின்றன.

ஆடும் மாடும் நிற்க இயலாத இச்சுவர்களிலே, வெடிப்பில் தேங்கிய ஒரு பிடி மண்ணைப் பற்றிக்கொண்டு வாழக் கற்றவையே இப்பாறைச் செடிகள். ஆலுலாவைத் தாவரவியலாளர் பிரிகேமியா இன்சிக்னிஸ் என்பர். 1867 ஆம் ஆண்டில் ஏசா கிரே என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர் இட்ட பெயர் அது. அதன் தண்டின் அடி பருத்துத் திரண்டிருக்கும்; மழையற்ற நாள்களுக்கான நீர் அங்கே சேமிக்கப்படும். தண்டின் உச்சியில் மட்டும் கோவாவைப் போன்ற இலைக்கொத்து அமைந்திருக்கும். கடற்காற்று மோதுகையில் செடி முறியாது வளைந்து அசையும். நீண்ட குழல் வடிவான வெளிர்மஞ்சட் பூக்கள் நறுமணம் வீசும்.

பூவின் குழல் நீளமானது. ஆதலால் நீண்ட உறிஞ்சுகுழலையுடைய ஏதோவோர் அந்துப்பூச்சியே அதன் மகரந்தத்தைக் காவியிருத்தல் வேண்டும் என ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆனால் அறிவியல் அச்செடியைக் கவனமாக நோக்கத் தொடங்கிய காலத்தில் அவ்விருந்தாளி வரவு நின்றுபோயிருந்தது. பூ மலர்ந்தது; மணம் வீசியது; வருவார் எவருமிலர். ஓர் இனத்தின் மரணம் கடைசிச் செடி சாயும் நாளில் நிகழ்வதன்று. அதன் உறவுகள் ஒவ்வொன்றாக அறுபடும்போதே அது தொடங்கிவிடுகின்றது.

ஆலுலா தனித்த ஓர் அதிசயமன்று. அது சார்ந்த லொபீலியா வகைத் தாவரங்கள் ஹவாயில் மட்டும் சுமார் 126 இனங்களாகப் பல்கியுள்ளன. ஏறத்தாழ 130 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், இன்று கடலுள் அமிழ்ந்துவிட்ட பழைய தீவொன்றில் வந்து விழுந்த ஒரே மூதாதையிலிருந்து அவையனைத்தும் கிளைத்தன என்பது மரபணு ஆய்வின் முடிபு. பாறைக்கு ஒன்றாய், ஓடைக்கு ஒன்றாய், முகிற்காட்டுக்கு ஒன்றாய் அவை வடிவெடுத்தன. நிலமே உருவாக்கிய வடிவங்கள் அவை.

அழித்தது எது?

"இனங்கள் தோன்றுவதும் அழிவதும் இயற்கையின் நியதி, கூர்ப்பின் போக்கை மனிதன் ஏன் தடுக்க வேண்டும்?" என்று தத்துவம் பேசுவோர் உளர். இவ்வாதம் கேட்பதற்கு ஆழமானதுபோல் தோன்றும். ஆனால் கவாயின் வரலாற்றை ஆண்டு வரிசையில் வைத்து நோக்கினால் அதன் வெறுமை புலனாகும்.

மனிதன் காலடி வைக்குமுன் ஹவாயில் நிலத்தில் வாழ்ந்த முலையூட்டி வெளவால் ஒன்றே. குளம்புடைய விலங்கு எதுவும் அங்கு இருந்ததில்லை. ஆதலால் அங்குள்ள செடிகள் பல முள்ளையோ நஞ்சையோ காவலாகக் கொள்ளவில்லை. பொலினீசியக் குடியேறிகள் பன்றியையும் எலியையும் உடன் கொணர்ந்தனர். தாழ்நிலக் காடுகளைத் திருத்தினர். அதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் 1778 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் வந்தபின் நிகழ்ந்தது அளவிலும் தன்மையிலும் வேறானது. குக் அவ்வாண்டிலேயே நீஹாவுத் தீவில் ஆடுகளை இறக்கிவிட்டுச் சென்றார். 1793 இல் வன்கூவர் மாடுகளைக் கொணர்ந்தார். அடுத்துச் சந்தன மரம் சீன வணிகத்துக்காக வெட்டப்பட்டது. 1835 இல் கவாயின் கொலோவாவில் கரும்புப் பெருந்தோட்டம் தொடங்கிற்று. 1848 இன் நிலப்பங்கீடு, பொதுவில் ஆளப்பட்ட நிலத்தைத் தனியுடைமையாக்கி, பின்னர் அது தோட்ட முதலாளிகளின் கைக்கு மாற வழிசெய்தது. காட்டுக்குத் தப்பிய ஆடுகளோ கட்டுப்பாடின்றிப் பெருகி, மனிதன் ஏறாத சரிவுகளிலும் ஏறி மேய்ந்தன.

இதன் விளைவு விசித்திரமானது. பாறைச்சரிவுகளில் இன்று காணப்படும் அரிய தாவரங்களுள் எவை பாறைக்கென்றே பிறந்தவை, எவை ஆட்டின் வாய்க்கு எட்டாத இடத்தில் தஞ்சம் புகுந்து எஞ்சியவை என்று பிரித்தறிவதே கடினமாகிவிட்டது. இதனை 'இயற்கையின் நியதி' என்பது, கொள்ளையிடப்பட்ட வீட்டைப் பார்த்து 'பொருள்கள் தேய்வது உலக இயல்பு' என்று கூறுவதற்கு ஒப்பாகும். ஆட்டைக் கப்பலில் ஏற்றியது கூர்ப்பன்று. கரும்பை நட்டதும் கூர்ப்பன்று. பெயரும் ஆண்டும் உடைய மனிதச் செயல்கள் அவை.

சட்டத்தின் வேகத்தையும் இங்கு நோக்குதல் தகும். ஐக்கிய அமெரிக்க நாடுகள் அழிநிலை உயிரினங்களைக் காக்கும் சட்டத்தை 1973 இல் இயற்றின. 1982 இல் இவா சூறாவளியும் 1992 செப்டெம்பரில் இனிக்கி சூறாவளியும் கவாயைத் தாக்கின. இனிக்கியினால் எஞ்சியிருந்த ஆலுலாச் செடிகளிற் பெரும்பகுதி பாறையிலிருந்து பெயர்க்கப்பட்டு வீழ்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1994 இலேயே ஆலுலா சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றது. சட்டம் பிறந்து 21 ஆண்டுகளின் பின், இயற்கையில் எஞ்சிய செடிகள் நூற்றுக்கும் குறைவாகிவிட்ட நிலையில், காவலன் வந்து கதவைத் தட்டினான். சூறாவளியைக் குறை கூறுவார் பலர். ஆயிரம் செடி நிற்கும் பாறையில் சூறாவளி ஒரு நிகழ்ச்சி. ஐம்பது செடி நிற்கும் பாறையில் அதுவே முடிவுரை. எண்ணிக்கையை அந்நிலைக்குக் குறைத்தது காற்றன்று.

கயிற்றில் தொங்கியோர்

இவ்விடத்தில் ஒரு கடப்பாட்டை நிறைவேற்றியாக வேண்டும். மயக்கத்தைச் சாடுவது, உழைத்தவர்களைச் சாடுவதாகிவிடலாகாது. கவாயில் தலைமையகத்தைக் கொண்ட தேசிய வெப்பமண்டலத் தாவரவியற் பூங்கா 1964 இல் அமெரிக்கக் காங்கிரசின் சாசனத்தால் நிறுவப்பட்டது. அதன் தாவரவியலாளர்களான ஸ்டீவ் பேர்ள்மன், கென் வூட் ஆகியோர் கயிற்றைப் பற்றி நூற்றுக்கணக்கான மீற்றர் பாறைச் சுவர்களில் இறங்கினர். வராத அந்துப்பூச்சியின் வேலையைத் தாமே மேற்கொண்டு, ஆலுலாவின் மகரந்தத்தைத் தூரிகையால் பூவுக்குப் பூ தடவினர். முதிர்ந்த வித்தைச் சேகரித்தனர். இன்று உலகெங்கும் வளரும் ஆலுலாச் செடிகள் அத்தகைய உழைப்பின் வழித்தோன்றல்களே. அவ்வுழைப்பு நிகழ்ந்திராவிடின், இன்று விவாதிப்பதற்கே எதுவும் எஞ்சியிராது.

ஆனால் அதே மனிதர்களின் அதே உழைப்பு தோல்வியுற்ற கதையும் ஒன்றுண்டு. 1991 இல் கலலாவுப் பள்ளத்தாக்கின் பாறைச் சுவரொன்றில், அதுவரை அறிவியல் அறிந்திராத செவ்வரத்தைக் குடும்பச் செடியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. இருந்தவை நான்கே நான்கு. 1995 இல் அதற்கு ஹிபிஸ்கடெல்பஸ் வூடியை எனப் பெயரிடப்பட்டது. சாதிப்பெயருக்குச் 'செவ்வரத்தையின் சகோதரன்' என்று பொருள்; இனப்பெயர் கென் வூட்டைச் சிறப்பிப்பது. மஞ்சளாய் மலர்ந்து, முதிர்கையில் கருஞ்சிவப்பாய் மாறும் பூ அதனுடையது. தேன் நிறைந்த அப்பூவமைப்பு, தேனுண்ணும் பறவைகளுக்காகவே உருவானது. அப்பறவைக் குலத்தின் பெரும்பகுதியோ, கப்பல்வழி வந்த நுளம்பு பரப்பிய மலேரியாவாலும் காடழிப்பாலும் முன்னமே அழிந்துவிட்டது.

பெயரிடப்பட்ட சில ஆண்டுகளுக்குள் பாறையொன்று சரிந்து நான்கிலே மூன்றை நசுக்கியது. எஞ்சிய ஒன்றைக் காக்க வெட்டுத்துண்டு நட்டனர், ஒட்டுக் கட்டினர், செயற்கையாக மகரந்தம் சேர்க்க முயன்றனர். எதுவும் பலிக்கவில்லை. 2011 இல் அதுவும் பட்டுப்போயிற்று. 2016 இல் இனம் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இங்கே பூச்சாடி உதவவில்லை, பூங்கா உதவவில்லை, அர்ப்பணிப்பும் உதவவில்லை. பாறையை விட்டு வர அச்செடி இணங்கவில்லை.

2019 இல், 'ட்ரோன்' எனப்படும் ஆளில்லாச் சிறுவிமானம் கலலாவின் மனிதர் எட்டாத சுவரொன்றைப் படம்பிடித்தபோது அவ்வினச் செடிகள் அங்கு உயிரோடிருப்பது தெரியவந்தது. உலகச் செய்தித்தாள்கள் மகிழ்ந்தன, மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அச்செய்தியிலிருந்து பலர் கற்றுக்கொண்ட பாடம் தலைகீழானது. 'தொழில்நுட்பம் மீட்டுவிட்டது' என்றனர். தொழில்நுட்பம் கண்டது, மீட்கவில்லை. அச்செடிகளை அதுகாறும் உயிரோடு வைத்திருந்தது விமானமன்று. ஆட்டுக்கும் மனிதனுக்கும் எட்டாதிருந்த பாறையே. கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டதனால் நோய் தீர்ந்துவிட்டதென்று எந்த வைத்தியனும் கூறான்.

சாடியில் வாழ்வது வாழ்வா?

"எங்கே வளர்ந்தால் என்ன? செடி அதே செடிதானே, மரபணு அதே மரபணுதானே" என்பது அடுத்த வாதம். இது உணர்ச்சியைக் கடந்த அறிவியல் வாதமாகத் தன்னைக் காட்டிக்கொள்கின்றது. ஆகவே அறிவியலின் தளத்திலேயே இதற்கு விடையளிப்பது பொருத்தமாகும்.

முதலாவதாக, மரபணு அதே மரபணு அன்று. பூங்காக்களில் வளரும் ஆலுலாக்கள் பாறையில் வாழ்ந்த எல்லாச் செடிகளின் வாரிசுகளுமல்ல. வித்துச் சேகரிக்கப்பட்ட சில செடிகளின் வாரிசுகள் மட்டுமே. நெருங்கிய உறவுகளுக்கிடையே மீண்டும் மீண்டும் சேர்க்கை நிகழும்போது இனத்தின் வலிமை குன்றும். இதனாலேயே, மிருகக்காட்சிச் சாலைகள் அரிய விலங்குகளுக்கு வம்சாவளிப் பதிவேடு பேணி இணை சேர்ப்பதைப்போல, தாவரவியற் பூங்காக்களும் தம்மிடமுள்ள ஆலுலாக்களின் பதிவுகளை ஒன்றிணைத்து மகரந்தம் பரிமாறும் நிலைக்கு வந்துள்ளன. பதிவேடின்றி இனம் பெருக்க இயலாத உயிரை 'காப்பாற்றப்பட்டது' என்பதிலும், 'சிகிச்சையில் உள்ளது' என்பதே பொருந்தும்.

இரண்டாவதாக, இனம் என்பது மரபணுப் பொதியன்று. அது ஒரு தொடர்ச்செயல். எந்த வித்து முளைக்க வேண்டும், எது கருக வேண்டும் என்பதைப் பாறையில் காற்றும் உப்பும் வறட்சியும் தீர்மானித்தன. கடையில் அதனைத் தீர்மானிப்பது வாங்குவோரின் கண். குட்டையாய், அடிபருத்து, விரைவில் வளர்ந்து, மேசையில் அடங்கும் செடியே அங்கு 'தகுதியுடையது'. இவ்வழியில் சில நூறு தலைமுறைகள் சென்றால் எஞ்சுவது ஆலுலாவாக இராது. ஆலுலாவின் சாயலுடைய ஒரு வீட்டலங்காரப் பண்டமாகவே இருக்கும்.

மூன்றாவதாக, பாறைக்கு நேர்ந்த இழப்பைப் பூச்சாடி ஈடுசெய்யாது. பூவின் தேனை உண்ட பூச்சி, வேர் பற்றிய மண், அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஆகிய எவற்றுக்கும் ஐரோப்பிய வரவேற்பறையிலுள்ள செடியால் பயனில்லை.

இவையனைத்தும் தமிழிலக்கியம் கற்போருக்குப் புதிய சிந்தனைகளாகத் தோன்றவேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், பூவும் மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் தெய்வமும் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தது. குறிஞ்சி என்பது பூவின் பெயர்; அதுவே நிலத்தின் பெயருமாயிற்று. கருப்பொருள் முதற்பொருளிலிருந்து தோன்றுவது. அதனை விட்டுத் தனித்து நில்லாது. பூச்சாடியிலுள்ள ஆலுலா, முதற்பொருள் அறுக்கப்பட்ட கருப்பொருள். செய்யுளில் இதனைக் குற்றம் என்று காட்டப் பயிலும் மாணவர், உலகியலில் இதனைச் சாதனை என்று ஏற்பது முரண்பாடாகும்.

பெயர்க்கப்பட மறுத்தவர்கள்

"மனிதர் பசியில் வாடுகையில் பூவைப் பற்றிக் கவலையா?" என்பது எல்லாவற்றிலும் கடுமையான கேள்வி. மனிதநேயத்திலிருந்து எழும்போது அது மதிக்கத்தக்கது. ஆனால் அக்கேள்வி, பூவின் நலனும் மக்களின் நலனும் எதிரெதிரானவை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்கின்றது. கலலாவின் வரலாறு அம்முடிவை மறுக்கின்றது.

அப்பள்ளத்தாக்கு ஆளற்ற வனமாக இருந்ததன்று. தலைமுறை தலைமுறையாக ஹவாய் மக்கள் அங்கு நீரோடைகளைத் திருப்பிப் படிக்கட்டு வயல்களில் 'தாரோ' எனும் சேம்புக் கிழங்கைப் பயிரிட்டு வாழ்ந்தனர். 1893 சனவரியில் ஹவாயின் அரசி தோட்ட நலன்களைச் சார்ந்தோரின் சதியால் பதவி நீக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே கொஓலாவு என்னும் குட்டநோயாளியைப் பிடித்து மொலொகாய்த் தீவின் ஒதுக்கிடத்துக்கு அனுப்பப் புதிய அரசு முயன்றது. மனைவியைப் பிரிந்து செல்ல மறுத்த அவர், மனைவி பிஇலானியுடனும் மகனுடனும் கலலாவின் பாறைகளில் மறைந்தார். பீரங்கியுடன் வந்த படையினராலும் அவரைப் பிடிக்க இயலவில்லை. மகனும் கணவனும் நோயால் இறந்தபின் பிஇலானி தனியே வெளிவந்து சொன்ன வரலாறு 1906 இல் ஹவாய் மொழியில் நூலாயிற்று. ஒதுக்கிடத்தில் கூரையும் உணவும் தரப்படும் என்பது அரசின் வாக்குறுதி. அவ்வாக்குறுதியில் இல்லாதது எதுவென்பதைக் கொஓலாவு அறிந்திருந்தார்.

1896 இல் ஹவாய் மொழி பாடசாலைகளின் போதனாமொழி என்ற நிலையை இழந்தது. 1898 இல் நாடே இணைத்துக்கொள்ளப்பட்டது. அம்மொழி நூலகங்களில் அகராதியாகவும் செய்தித்தாட் கோவைகளாகவும் பேணப்பட்டது. அப்பேணல் பயனற்றதன்று, பின்னர் எழுந்த மறுமலர்ச்சிக்கு அதுவே மூலதனம். ஆனால் மொழி உயிரோடிருந்தது நூலகத்தினால் அன்று. நீஹாவு போன்ற இடங்களில் தாயும் பிள்ளையும் அதனைப் பேசிக்கொண்டிருந்ததனால். 1978 இல் அது மாநில ஆட்சிமொழியானது; 1984 இல் முதலாவது ஹவாய்மொழிப் பாலர் பள்ளி திறக்கப்பட்டது; 1986 இல் போதனாமொழித் தடை நீங்கியது. அகராதியோடு திருப்தியடைந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது. பாறைச் செடிக்கும் இதுவே நியாயம்: பூங்கா அதன் அகராதி. அகராதி வேண்டும், ஆனால் பேசுவோர் இல்லாத மொழியை வாழும் மொழி என்று எவரும் கூறார்.

ஆகவே பூவா, மனிதனா என்ற கேள்வி தவறாக எழுப்பப்பட்டது. அங்கே தாரோ வயலையும் பாறைப் பூவையும் தள்ளிவிட்டு இடம்பிடித்தது பசியுள்ள மனிதனல்லன், சீனியின் இலாபம்.

செய்யத்தக்கது

சாடுதல் மட்டும் போதாது. கவாயிலேயே வழியும் காட்டப்பட்டுள்ளது. தீவின் வடகரையில் லிமாஹுலிப் பள்ளத்தாக்கில் அதே தாவரவியற் பூங்கா, பழைய தாரோப் படிக்கட்டு வயல்களை மீளக் கட்டியதோடு, மேற்பள்ளத்தாக்கைச் சுற்றி வேலியிட்டுக் குளம்புடைய விலங்குகளை விலக்கி, பூர்வீகச் செடிகளை மண்ணிலேயே நட்டு வருகின்றது. அங்கு செடி மட்டுமன்றி நிலமும், நிலத்தோடு மனிதர் கொண்ட உறவும் சேர்ந்து பேணப்படுகின்றன. இது மெதுவான வேலை. கடையில் விற்க முடியாத வேலை. புகைப்படத்துக்கு உகந்த வேலையுமன்று. ஆதலாலேயே இதற்குக் கிடைக்கும் பணம் குறைவு; கைதட்டலும் குறைவு.

வேலியிடுதலையும் ஆடுகளை அகற்றுதலையும் உள்ளூர் வேட்டைக்காரர் எதிர்ப்பதுண்டு. அவர்களுக்கு அவ்விறைச்சி விளையாட்டன்று. அடுப்பில் ஏறும் உணவு. அவர்களது குரலைப் புறக்கணித்து அலுவலகத்திலிருந்து வரையப்படும் வேலி நிலைக்காது. ஆனால் தீவு முழுவதும் ஆடு மேய வேண்டும் என்பதும், ஒரு சில பாறைச்சரிவுகளிலேனும் மேயலாகாது என்பதும் ஒரே எடையுள்ள கோரிக்கைகளல்ல. ஆட்டுக்கு வேறு மலைகள் உள்ளன. வூடியைச் செடிக்கு வேறு மலை இல்லை.

எனவே மூன்று நிலைப்பாடுகள் கொள்ளத்தக்கன. பூங்காவிலும் வித்துக் களஞ்சியத்திலும் உள்ள செடிகள் பாறைக்குத் திரும்புவதற்கான இருப்பாகவே கணக்கிடப்பட வேண்டும். திரும்பாமைக்கான சமாதானமாக அல்ல. ஓர் இனம் 'காக்கப்பட்டது' என்னும் சொல், அது தன் மண்ணில், தன் விருந்தாளிகளின் துணையுடன், மனிதக் கை தொடாமல் அடுத்த தலைமுறையை ஈன்ற பின்னரே பயன்படுத்தப்பட வேண்டும். சட்டம் நான்கு செடிகள் எஞ்சியபின் விழிப்பதாயன்றி, நாலாயிரம் இருக்கையில் விழிப்பதாய் அமைய வேண்டும்; அந்நிலையில் அதற்கு ஆகும் செலவு ஒரு வேலி மட்டுமே.

இவை கைகூடும்வரை, பூக்கடையில் அடுக்கப்பட்டுள்ள ஆலுலாவைக் கண்டு மகிழ்வோர் மகிழட்டும்; ஆனால் அதனை வெற்றி என்று அழையாதிருக்கட்டும். நாடு கடத்தப்பட்டவன் அயல்நாட்டில் நலமாக இருக்கின்றான் என்பது நற்செய்தியே. அவனது வீடு இன்னும் ஆடுகளின் வசமே இருக்கின்றது என்பதை அச்செய்தி மாற்றிவிடாது.